"வெறும் வாயில பாக்கு மென்ன மாதிரி இருக்கே!" - ரெட் ஒயினைச் சுவைக்க டெல்டா நாக்கு போதும்!

"என்னடா தம்பி இது... வெத்தல இல்லாம வெறும் கொட்டப்பாக்கை மென்ன மாதிரி இருக்கு!"

பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் ஒயினைச் சுவைத்துப் பார்க்க ஒரு பெரிய ஹாலில் உட்கார வைத்தார்கள். எங்களையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு கிளாஸில் இரண்டு மடக்கு அளவுக்கு ரெட் ஒயின்.

"எப்படி இருக்கு?" என்று வழிகாட்டிப் பெண் கேட்டதும் ஒருவர் "ஸ்மூத்" என்றார். இன்னொருவர் "பிளாக்பெர்ரி" என்றார். அவர் பிளாக்பெர்ரியை எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை. நானும் ஏதோ சொல்லி வைத்தேன். அப்போதுதான் என் பெரியப்பா, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்பதாக நினைத்துக்கொண்டு, மேலே உள்ளதைச் சொன்னார். ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது.

நான் கூச்சத்தோடு மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சரியாச் சொல்லியிருக்கார். அதுக்குப் பேர்தான் டானின். ரெட் ஒயினோட முதுகெலும்பே அதுதான்" என்றார்.

பெரியப்பாவுக்கு 74 வயது. பாபநாசத்துக்காரர். நெல்லைப் பக்கத்து மலையும் அருவியும் இருக்கிற பாபநாசம் இல்லைங்க. இது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், குடமுருட்டிப் பாசனத்தில் நெல் விளைகிற பாபநாசம். மலை என்ற பேச்சே கிடையாது. இருக்கிற மேடு வாய்க்கால் கரைதான். மகன் வீட்டுக்கு வந்த இடத்தில், "திராட்சை எப்படிப் போடுறாங்கன்னு பாக்கணும்" என்று கிளம்பியவர். அதுவரை ஒயினைத் தொட்டதே இல்லை. ஆனால் அந்த ஹாலில் உருப்படியாகச் சுவை பார்த்தவர் அவர்தான்.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஒயினைச் சுவைக்கப் பிரெஞ்சு தெரியவேண்டியதில்லை. நம்ம சமையலறையும் வெற்றிலைப்பெட்டியும் ஏற்கெனவே பாடம் நடத்திவிட்டன. எப்படி என்று பார்ப்போமா?

மலைத்தோட்டம் எதற்கு?

திராட்சை வெயில் கேட்கும் கொடி. ஆனால் ஒயினுக்கான திராட்சைக்கு வெயில் மட்டும் போதாது. ராத்திரிக் குளிரும் வேண்டும். பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறும். இரவு குளிர்ந்தால் பழத்தில் உள்ள புளிப்பு சீக்கிரம் கரைந்து போகாமல் நிற்கும், தோலில் நிறமும் நன்றாகப் பிடிக்கும். ராத்திரியும் புழுங்கினால் இனிப்பு இருக்கும், புளிப்பு இருக்காது. அந்த ஒயின் சப்பென்று இருக்கும்.

பொதுவாக 1,000 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர். அடிவாரத் தோட்டங்களே பெங்களூரைப் போல சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கன்வல் குரோவர் 1988-ல் இங்கே ஒயின் நிறுவனத்தைத் தொடங்கினார். கேபர்னே சாவினியான், ஷிராஸ் போன்ற பிரெஞ்சு ரகங்கள் இந்த மண்ணில் பிடித்துக்கொண்டன. 1990-களின் நடுவில் பிரான்ஸின் பிரபல ஒயின் ஆலோசகர் மிஷேல் ரோலான் இங்கே ஆலோசகராக வந்தார். இந்த இரண்டு ரகங்களையும் கலந்து செய்யும் 'லா ரிசர்வ்' இந்தியாவின் பெயர்பெற்ற ரெட் ஒயின்களில் ஒன்று. இன்றைக்கு அந்த நிறுவனத்தின் பெயர் குரோவர் ஜாம்பா.

பெரியப்பாவுக்கு இந்த வரலாற்றில் எல்லாம் ஆர்வம் இல்லை. வரிசையாகக் கம்பியில் படர்ந்திருந்த கொடிகளைப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு கொடிக்கால்தானே! நம்மூர்ல வெத்தலைய அகத்தியில ஏத்துவோம், இவங்க கம்பியில ஏத்துறாங்க" என்றார். "எத்தன போகம்?" என்றும் கேட்டார்.

நல்ல கேள்வி. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் திராட்சைக்கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும். நம் ஊர் வெயிலில் அது தூங்காது. விட்டால் காய்த்துக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஒருமுறை மட்டும் காய்க்க விடுகிறார்கள். கோடையில் வெட்டுவது கொடியைத் தயார்படுத்த. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வெட்டுவது காய்ப்புக்கு. அறுவடை அடுத்த வருடத்தின் தொடக்க மாதங்களில். "அட, சம்பா கணக்கா இருக்கே!" என்றார் பெரியப்பா. ஏறக்குறைய அப்படித்தான்.

சிவப்பு பழத்தில் இல்லை, தோலில்!

நம்ம கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை ஒன்று எடுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். வெளியே கறுப்பு, உள்ளே வெளிர்பச்சை. பிழிந்தால் வரும் சாற்றில் பெரிதாக நிறம் இருக்காது. கறுப்புத் திராட்சைகள் பெரும்பாலும் இப்படித்தான்.

ரெட் ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாறு மட்டும் எடுப்பதில்லை. நசுக்கி, தோல், விதை எல்லாவற்றோடும் சேர்த்தே தொட்டியில் நொதிக்க விடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைச் சாப்பிட்டு ஆல்கஹாலாக மாற்றும். அந்த ஒன்றிரண்டு வாரத்தில் தோலிலிருந்து நிறமும், தோல், விதை இரண்டிலிருந்தும் டானினும் சாற்றில் இறங்கும். பிறகு வடிகட்டி, நல்ல ஒயின் என்றால் ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள்.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையும் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்ற வெளிநாட்டு ரகம்தான். ஆனால் அது வாசனைக்கும் இனிப்புக்கும் பேர்போன, சதைப்பற்றான பழம். கேபர்னே பழமோ சின்னது. தோல் தடிமன், விதை பெருசு. சாப்பிட்டால் "என்னங்க இது" என்று துப்பத் தோன்றும். ஒயினுக்கு அந்தத் தோலும் விதையும்தான் சொத்து.

முதலில் கண்... வேட்டி போதும்!

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. வாசனை நிற்க இடம் வேண்டுமல்லவா? வெள்ளைப் பின்னணியில் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளைக் காகிதம் கொடுத்தார்கள். பெரியப்பா தன் வேட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டார். வேலை முடிந்தது.

ஓரம் நாவல்பழச் சாறு போல ஊதாவாக இருந்தால் இளசு. செங்கல் நிறத்துக்குப் போயிருந்தால் வயதானது. கிளாஸைச் சுற்றும்போது உள்பக்கம் கோடுகோடாக வழிந்தால் "உசத்தி ஒயின்" என்று சிலர் அடித்துவிடுவார்கள். அது முக்கியமாக ஆல்கஹால் அளவால் வருவது. தரத்துக்கான சான்றிதழ் இல்லை.

இன்னொன்று, 'ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளை நினைத்து எழுதியது. 16 முதல் 18 டிகிரி வரைதான் கணக்கு. சித்திரை மாதத் தஞ்சாவூர் அறையில் வைத்துக் குடித்தால் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்து எடுத்தால்தான் அந்த அளவுக்கு வரும்.

அடுத்து மூக்கு... திறங்க அஞ்சறைப் பெட்டியை!

கிளாஸை மேசையிலேயே வைத்து இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மெதுவாக முகருங்கள். இங்கேதான் ஒயின்காரர்கள் பிளாக்பெர்ரி, கேசிஸ், சீடர் என்று அடுக்குவார்கள். அது அவரவர் ஊர் வாசனைப் பட்டியல். நம் பட்டியல் வேறு. ஆனால் ஒயினுக்குள் இருக்கும் பொருள் பொதுவானது.

*மிளகு:* ஷிராஸ் ஒயினில் மிளகு வாசனை வரும் என்பது பழைய பேச்சு. ஏன் என்பதை 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 'ரோட்டண்டோன்' என்ற வேதிப்பொருள்தான் காரணம். மிளகுக்கு மிளகு வாசனை தருவதும் அதேதான். குளிர்ச்சியான இடத்தில் விளைந்த ஷிராஸில் இது தூக்கலாக இருக்கும். சுவாரஸ்யம் என்னவென்றால், சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரியவே தெரியாதாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் மூக்கைக் குறை சொல்லாதீர்கள்.

*கிராம்பு:* ஓக் பீப்பாயில் ஊறிய ஒயினில் கிராம்பு வாசனை வந்தால் அது கற்பனை இல்லை. தணலில் வாட்டிய ஓக் மரத்திலிருந்து 'யூஜினால்' இறங்குகிறது. கிராம்பின் உயிரே யூஜினால்தான். வெற்றிலையின் வாசனை எண்ணெயிலும் அது உண்டு. ஐஸ்கிரீமில் வரும் வெனிலா வாசனையும் அதே மரத்திலிருந்து கிடைக்கும்.

*குடமிளகாய்:* கேபர்னேயில் பச்சைக் குடமிளகாயை நறுக்கிய வாசனை எட்டிப்பார்த்தால், பழம் இன்னும் கொஞ்சம் பழுத்திருக்கலாம் என்று அர்த்தம்.

பெரியப்பா முகர்ந்துவிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை: "லவங்கம்." பக்கத்தில் இருந்தவர் கூகுளில் தேடினார்.

இப்போது நாக்கு... புளியும் பாக்கும்!

ஒரு சின்ன மடக்கு. உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் பரவவிடுங்கள். இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ஒன்று, புளிப்பு. நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா? ஊறினால் புளிப்பு உயிரோடு இருக்கிறது. திராட்சையின் முக்கியமான அமிலம் டார்டாரிக். பழங்களில் இது அதிகமாக இருப்பவை கொஞ்சம்தான். அதில் முன்வரிசையில் இருப்பது எது தெரியுமா? நம்ம புளி! எலுமிச்சையின் புளிப்பும் தயிரின் புளிப்பும் வேறு. ஒயினின் புளிப்பு ரசத்தின் புளிப்புக்குச் சொந்தக்காரன். மிளகு ரசத்தைச் சரியாகச் சுவைக்கத் தெரிந்தவருக்கு ஷிராஸ் அந்நியம் இல்லை.

இரண்டு, பெரியப்பா சொன்ன பாக்கு. அதாவது துவர்ப்பு.

டானின் நம் எச்சிலில் உள்ள வழவழப்பான புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் வற்றிய இயந்திரம் மாதிரி வாய் வறண்டு, சொரசொரவென்று ஆகும். ஈறும் கன்னமும் உள்ளே இழுக்கும். விஞ்ஞானப்படி நாக்கின் அடிப்படைச் சுவைகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று ஐந்து. துவர்ப்பு இதில் சேராது. அதைத் தொடு உணர்வு என்கிறார்கள். நாமோ அறுசுவையில் அதற்கு எப்போதோ ஒரு இடம் கொடுத்துவிட்டோம். வாழைப்பூ, அத்திக்காய், நாவல்பழம், மாவடு, பாக்கு என்று சின்ன வயதிலிருந்தே பழகிய சுவை. அதனால்தான் மற்றவர்கள் "ஏதோ ஒரு மாதிரி இருக்கு" என்று தடுமாறிய இடத்தில் பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

துவர்ப்பு இருப்பது குறையில்லை. எப்படிப்பட்ட துவர்ப்பு என்பதுதான் கேள்வி. ஊறவைத்த மெல்லிய சீவல் மாதிரி மிருதுவாக வந்து போகிறதா, கொட்டைப்பாக்கு மாதிரி மேலண்ணத்தைச் சுரண்டுகிறதா? முன்னது பக்குவம். பின்னதற்கு வயது போதவில்லை, அல்லது பழம் சரியாகப் பழுக்கவில்லை. பால் ஊற்றாத டீயின் துவர்ப்பு பால் சேர்ந்ததும் அடங்குகிறதல்லவா? பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. ரெட் ஒயினோடு கறி சாப்பிடுவதற்கும் அதுதான் காரணம். ஆனால் பச்சைமிளகாய்க் காரத்தோடு சேர்க்காதீர்கள். ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டிவிடும்.

கடைசியாக, வாயை விட்டுப் போன பிறகு எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு நொடியில் மறைந்தால் சாதாரணம். நின்று பேசினால் நல்ல ஒயின். நல்ல டிகிரி காபி குடித்த பத்தாவது நிமிடம் நினைவிருக்கிறதா? அது மாதிரி.

"பணிக்கம் வெச்சிருக்காங்க பாரு!"

மேசை மேல் ஒரு உலோகப் பாத்திரம் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பெரியப்பா தயங்காமல் இழுத்து, அழகாகத் துப்பினார். "பணிக்கம் வெச்சிருக்காங்க பாரு, நம்ம தாத்தா காலத்து மாதிரி!"

ஹாலில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் தொழில்முறையில் ஒயின் சுவைப்பவர்கள் செய்வது இதைத்தான். ஒரே நாளில் பல டஜன் ஒயின்களைப் பார்க்கவேண்டியவர் விழுங்கிக்கொண்டிருந்தால் பத்தாவது ஒயினில் தீர்ப்பு தள்ளாடும். சுவைப்பது வேறு, குடிப்பது வேறு. புளிப்பு, துவர்ப்பு, வாசனை எல்லாம் வாயிலும் மூக்கிலும் முடிந்துவிடுகின்றன. தொண்டைக்குக் கீழே ருசி இல்லை. ஆல்கஹாலின் வேலைதான் இருக்கிறது. (துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும். அதனால் வண்டி ஓட்டுபவர் சுவைக்கவே வேண்டாம்.)

பெரியப்பா துப்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வெளியே காருக்குப் பக்கத்தில், உள்ளே வரமாட்டேன் என்று பெரியம்மா உட்கார்ந்திருந்தார்.

"இதுவும் குடிதானே?"

பெரியம்மாவின் தம்பி குடியால் 46 வயதில் போனவர். இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது பெரியம்மாதான். திரும்பும் வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, நீங்க என்ன பேர் வேணா வெச்சுக்குங்க. இதுவும் குடிதானே?"

இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். ஆமாம், குடிதான். கணக்குப் போட்டே பார்க்கலாம்.

150 மி.லி கிளாஸில் 13 சதவிகித ஒயின் என்றால், உள்ளே சுமார் 15 கிராம் ஆல்கஹால். கடையில் விற்கும் 42.8 சதவிகித பிராந்தியில் 90 மி.லி, அதாவது ஒரு 'கட்டிங்'கில் சுமார் 30 கிராம். ஆக, இரண்டு கிளாஸ் ஒயின் ஒரு கட்டிங்குக்குச் சமம். 750 மி.லி பாட்டிலைத் தனி ஆளாக முடித்தால் ஒரு குவார்ட்டரைத் தாண்டியாகிவிட்டது. கல்லீரலுக்குக் கிளாஸின் அழகு தெரியாது.

"ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?" 1991-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, கொழுப்பு அதிகம் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதயநோய் குறைவாக இருப்பதற்கு ரெட் ஒயின் காரணமாக இருக்கலாம் என்று சொன்னதிலிருந்து பிரபலமான பேச்சு இது. ஆனால் 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை எனத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. 2004-ல் அதே பிரிவில் சேர்ந்தது எது தெரியுமா? நம்ம பாக்கு. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும்தான்.

பெரியப்பாவுக்கு இது செய்தி இல்லை. நாற்பது வருடம் வெற்றிலை போட்டவர். ஐந்து வருடத்துக்கு முன் கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டைப் பார்த்த டாக்டர் சொன்ன அன்றே வெற்றிலைப்பெட்டியை மூடியவர். அந்த ருசி மட்டும் நாக்கில் மிச்சம் இருக்கிறது.

எனவே, குடிக்காதவர்கள் 'உடம்புக்கு நல்லது' என்று ஒயினைத் தொடங்கத் தேவையே இல்லை. 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுபவர்கள், குடியை விட்டு மீண்டவர்கள் ஒரு மடக்கும் வேண்டாம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வெளிமாநில மதுவைத் தமிழகத்துக்குள் கொண்டுவர சட்டக் கட்டுப்பாடு உண்டு.

ஒயின் இல்லாமலே பழகலாம்!

நாக்கைத் தீட்டிக்கொள்ள ஒயினே தேவையில்லை. வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள்:

- ஒரு மிளகையும் ஒரு கிராம்பையும் தனித்தனியாகத் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு முகருங்கள்.
- நீர்த்த புளித்தண்ணீர் ஒரு மடக்கு. எச்சில் எங்கே ஊறுகிறது என்று கவனியுங்கள்.
- சர்க்கரை, பால் இல்லாத கடுமையான டீ ஒரு மடக்கு. வாய் எங்கே வறள்கிறது? பாக்கு வேண்டாம், இதுவே போதும்.
- கறுப்புத் திராட்சையின் சதையை முதலில் தின்றுவிட்டு, தோலை மட்டும் தனியாக மெல்லுங்கள். அடுத்து விதை.

இந்த நான்கையும் பிரித்துச் சொல்ல முடிந்தால், எந்த ஒயின் தோட்டத்து ஹாலிலும் நீங்கள் கூசிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. பழச்சாறு, டீ, காபி எல்லாமே அதற்குப் பிறகு வேறு மாதிரி ருசிக்கும்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் சாலையோரம் கறுப்புத் திராட்சை விற்றார்கள். பெரியம்மா ஒரு கிலோ வாங்கினார். பின் சீட்டில் ஒன்றை வாயில் போட்டு, கொஞ்சம் மென்று, தோலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சாறெல்லாம் இனிப்பா இருக்கு. தோலுதான்டா துவர்க்குது" என்றார்.

பெரியப்பா முன் சீட்டிலிருந்து திரும்பி, "அதைத்தான் அவ்வளவு நேரம் உள்ள சொல்லிக்கிட்டிருந்தாங்க!" என்றார்.

(மது உடல்நலத்துக்குத் தீங்கானது.)